தொம்மை வீட்டு வாசலில் நின்ற கார்

கிளாத்தித் தீவுக்குக் கார் வந்தது என்று தூத்துக்குடியில் யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்பது, அங்கே ரோடு ஏது என்பதைத்தான். ரோடு கிடையாது, பாலம் கிடையாது, அந்தத் தீவில் உருளுகிற பொருள் என்று பார்த்தால் ஐஸ் பெட்டி ஏற்றுகிற தள்ளுவண்டி ஒன்றுதான், சந்துகளில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஒரு நாள் காலையில், வலையில் பட்ட சாளை கரையில் குவிந்து கிடந்த நேரத்தில், படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. வந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் யாரும் குறை காணவில்லை. தீவில்தான் கார் கிடையாதே, கிடையாத ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதானே முறை என்று சந்தியாகு உபதேசியார் சொன்னார், சாமியார் வாரம் ஒரு தடவை மட்டும் வந்துபோகிற ஊரில் கோயிலையும் ஜெபத்தையும் பார்த்துக்கொள்கிறவர் அவர் என்பதால், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

சத்தம் மட்டும் இருந்தது. சலேத் அப்போது கரையில் உட்கார்ந்து விளைமீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியதும் இது படகு இல்லை, கார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, புருஷனின் காதைக் காட்டப் பட்டணத்துக்கு அலைந்து அலைந்து அவளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். திரும்பிப் பார்த்தபோது மணலில் இரண்டு டயர்த் தடங்கள் தாமாகவே நீண்டுகொண்டு போயின, கோழிகள் சிதறி ஓடின, பெட்ரோல் வாசனை மீன் வாசனைக்கு மேலே வந்து நின்றது. கார் சந்து சந்தாகச் சுற்றியது, எந்தச் சுவரையும் இடிக்கவில்லை, மாதா கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே போயிற்று. சலேத் உரசிய மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஒன்றும் ஆகாதபோதே வந்த பயம் அது, அதனாலேயே அவள் அதை நம்பினாள்.

வீட்டுக்கு வந்து புருஷன் தொம்மையிடம் எல்லாவற்றையும் கையால் சொன்னாள். தொம்மை வாழ்நாளெல்லாம் பயணப் படகின் டிரைவராக இருந்தவர், முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் அவருடைய இரண்டு காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்த பிறகுதான் கரையில் உட்கார்ந்தார். காது போனதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, பெண்டாட்டி திட்டுவது கேட்காதே என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிவார். ஆனால் சலேத் விடுகிற ஆளா என்ன, விரலாலும் முகத்தாலும் அவர் உள்ளங்கையில் தட்டியும் கிள்ளியும் ஒரு பாஷையையே உண்டாக்கிவிட்டாள், திட்டுவதற்கு அதில் தனிச் சொற்களே இருந்தன. அந்தப் பாஷை வேறு யாருக்கும் தெரியாது. ஊரில் யாருக்குத் தொம்மையிடம் என்ன சொல்ல வேண்டுமென்றாலும் சலேத் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் தீவின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பட்டணம் போகிற படகு காலையில் நேராகக் கிளம்பிவிடாது, தீவைச் சுற்றி வந்து, பயணம் வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நின்று ஹாரன் அடிக்கும். அடித்ததும் அந்த வீட்டுக்காரர் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, "வாறேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட வேண்டும். கை கழுவினால் மன்னிப்பு உண்டு, துடைத்தால் கிடையாது. தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் பார் என்கிற பாறைத்திட்டு கிடக்கிறது, தண்ணீர் வற்றினால் படகின் அடி அதில் இடிக்கும், ஒரு கல்யாணப் பெண் பூ வைத்து முடிக்கட்டும் என்று முன்னொரு காலத்தில் காத்து நின்ற படகு பாரில் மோதி, அதில் போனவர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் ஒரே நீளக் கல்லறைக்குள் கிடக்கிறார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்ட படகைக் காக்க வைத்தவர் என்ற பெயர் தீவில் யாருக்கும் வந்ததில்லை. இதில் தொம்மையைப் போலக் கறாரான டிரைவரும் இருந்ததில்லை, சொந்த மாமியார் வெற்றிலைப் பெட்டியை எடுக்கத் திரும்பியபோது அவளை விட்டுவிட்டுப் போனவர் அவர்.

அடுத்த தடவை வந்த கார் கடைக்காரர் கயித்தான் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது. கயித்தான் முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறுகன்னத்தில் நுரை. பிளேடைக் கீழே வைத்தார், "வாறேன்" என்றார், வெளியே வந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, அவர் தலையைக் குனிந்து ஒன்றுமில்லாத இடத்தில் ஏறி உட்கார்ந்தார், கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. பிறகு கயித்தான் உட்கார்ந்த வாக்கிலேயே தரைக்கு ஒரு முழம் மேலே சந்து வழியாகப் போனார், பார்த்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினார், துறையில் கூடியிருந்தவர்களைத் தாண்டித் தண்ணீரின் மேல் போனார். ஒரு கன்னத்து நுரை வெயிலில் வெள்ளையாகத் தெரிந்துகொண்டே போயிற்று. திரும்பி வரவில்லை.

அதற்கடுத்து குழம்பைக் கொதிக்கவிட்டு ரெஜினா போனாள். கல்யாணமாகி மறுவீடு கூட முடியாத அமல்ராஜ் போனான். வயதுப்படி என்றில்லை, பாவப்படி என்றில்லை, வீட்டு வரிசைப்படியும் இல்லை, அப்படி ஏதாவது ஒரு கணக்கு இருந்திருந்தால் கூட ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். யாருக்காக அடிக்கிறதோ அவருக்குத் தெரிந்துவிடும், கால் தானாக எழுந்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்கு வெறும் சத்தம் மட்டும்தான் கேட்கும். போகாதே என்று யாரும் யாரையும் தடுக்கவில்லை. கூப்பிட்ட வண்டிக்குப் போகிற ஆளைத் தடுப்பது எப்படி என்று அந்த ஊருக்குத் தெரியாது.

தெரிந்ததைச் செய்தார்கள். சந்துகளில் காயப்போட்ட வலைகளைச் சுருட்டி எடுத்து வழியைக் காலி செய்தார்கள். விடிந்ததும் குளித்தார்கள், வீட்டில் உடுத்துகிற பழைய சேலையைப் பெண்கள் விட்டுவிட்டார்கள், கார் எந்த நேரத்தில் எந்தக் கோலத்தில் பிடிக்குமோ என்று ஆண்கள் கிழிந்த பனியனைப் போடுவதில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பை தயாராகத் தொங்கியது. அடுப்பைப் பற்ற வைத்தால் பக்கத்து வீட்டில் ஒரு குரல் சொல்லி வைத்தார்கள், சட்டியை இறக்க ஆள் வேண்டுமே. பல வருஷமாகப் பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டார்கள், பேச ஆரம்பித்ததும் மறுபடி சண்டை வந்து, அதையும் சாயங்காலத்துக்குள் தீர்த்துக்கொண்டார்கள். ஊர் அதுவரை இல்லாத சுத்தமும் மரியாதையுமாக இருந்தது, யார் முகத்திலும் ரத்தம் இல்லை.

பட்டணத்துக்குப் போய்ப் போலீசில் சொன்னார்கள். வண்டி நம்பர் என்ன, நிறம் என்ன என்று அங்கே கேட்டார்கள், இவர்களுக்கு வாசனை மட்டும்தான் தெரியும். மீன் வாங்க வந்து உபதேசியார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பட்டணத்து வியாபாரி ஒருவருக்குப் பக்கத்திலேயே அந்தக் கார் நின்று அடித்தபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்காகத்தான் அடிக்கிறது என்பது அவர் கால் துடித்ததிலேயே தெரிந்தது, மனிதர் காலை மடக்கி வைத்துக்கொண்டு ரசத்துக்குச் சோறு கேட்டார், கார் சலித்துப் போய்விட்டது. ஹாரன் அடித்தால் போய்விட வேண்டுமா, எங்கள் ஊரில் நாள் முழுக்க எவனாவது அடித்துக்கொண்டுதான் இருப்பான் என்றார். அவர் வளர்ந்த விதத்தை நினைத்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். கூப்பிட்டும் போகாமல் சோறு தின்கிற ஒரு பிறவி என்று பல நாள் பேசினார்கள். அதிலிருந்து கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் கார் சலேத் வீட்டு வாசலில் வந்து நின்றது. தொம்மை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், சலேத் அவருக்குத் துவையல் வைக்கக் குனிந்திருந்தாள். ஹாரன் சத்தம் சுவரைத் தாண்டி வந்து அவள் நெஞ்சில் விழுந்தது. ஒரு கணம் அவள் தன் கால்களையே பார்த்தாள். அவை அசையவில்லை. அப்படியானால் தனக்கில்லை என்று தெரிந்ததும் வந்த நிம்மதி ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை, வீட்டில் இருப்பது இரண்டே பேர். தொம்மை ஒரு பச்சை மிளகாயைக் கடித்து, கண்ணை மூடி ரசித்து, இன்னும் கொஞ்சம் துவையல் வை என்று கையை நீட்டினார்.

வெளியே மறுபடியும் அடித்தது. மறுபடியும் அடித்தது. சலேத் துவையல் வைத்தாள்.

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. யாரும் உள்ளே வரவில்லை, தொம்மை பார்த்துவிடக் கூடாதென்று சுவரோரம் நின்றார்கள். உபதேசியார் மட்டும் பின்வாசல் வழியாக வந்து அடுப்படியில் சலேத்தைப் பார்த்தார். பெண்சாதி இறந்து, பிள்ளைகளும் இல்லாமல், தனியாகச் சோறு வடித்துக்கொண்டு குழம்புக்கு மட்டும் சலேத் வீட்டுக்குச் சட்டி கொண்டு வருகிற மனிதர் அவர், அன்று சட்டி இல்லாமல் வந்திருந்தார்.

"சாவான பாவம்னு ஆகணும்னா முழு அறிவு வேணும், முழுச் சம்மதம் வேணும், இல்லியா தங்கச்சி?" என்றார். "இதுவும் அப்படித்தான். காதுல விழாத கூப்பாட்டுக்கு யாரும் பொறுப்பில்ல. நீ சொன்னாத்தான் அவருக்குத் தெரியும். சொல்லாத."

"எத்தன நாளைக்கு?" என்றாள் சலேத்.

உபதேசியார் அடுப்புக்கு வெளியே நீட்டியிருந்த விறகை உள்ளே தள்ளினார். "ஒனக்கும் பயம், எனக்கும் பயம்," என்றார் பிறகு. "இது இங்கன நிக்கிற வரைக்கும் வேற வீட்டுக்குப் போவாதுல்லா."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னதை ஊர் வெட்கப்படாமல் பிடித்துக்கொண்டது. கார் போகவில்லை. எஞ்சினை அணைக்காமல், பகலென்றும் இரவென்றும் பாராமல் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஹாரன் அடித்துக்கொண்டு அங்கேயே நின்றது, அது நின்ற நாளெல்லாம் தீவில் ஒருவர்கூடப் போகவில்லை. முதல் வாரம் ஊரில் யாரும் தூங்கவில்லை, இரண்டாவது வாரம் பிள்ளைகள் தூங்கின, அதற்கப்புறம் ஹாரன் கொஞ்சம் தாமதமானால்தான் ஆட்கள் திடுக்கிட்டு விழித்தார்கள். வாசலில் தொங்கிய பைகளை அவிழ்த்துத் துணிகளை எடுத்து மடித்து வைத்தார்கள். பழைய சேலைகள் திரும்பி வந்தன. காரின் அடியில் சூடாக இருக்கிறதென்று கோழிகள் படுத்தன, அதன் முன்பக்கத்தின் மேல் ஒருத்தி கருவாடு காயப்போட்டாள், அந்தரத்தில் வரிசையாகக் காய்ந்த நெத்திலியைப் பார்த்து யாரும் நின்று பேசவில்லை. சந்தில் வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் சுவரோடு ஒட்டி ஒதுங்கிப் போனார்கள், குடத்தோடு போன சலேத் ஒரு நாள் ஒதுங்க மறந்து முழங்கையைச் சுட்டுக்கொண்டாள்.

தொம்மைக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. சீலா மீன் பட்டால் நடுத்துண்டு அவருக்கு, நண்டு பட்டால் பெட்டை நண்டு அவருக்கு. பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள் எல்லாம் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவருக்குச் சளி பிடித்தால் ஊருக்கே காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது. எதற்கு எல்லோரும் இப்படித் தாங்குகிறார்கள் என்று அவர் கேட்டபோது, நீர் இத்தனை வருஷம் படகு ஓட்டியதை மதிக்க ஊருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று சலேத் விரலால் சொன்னாள். அவர் நம்பினார். தன்னைப் பற்றிய நல்ல வார்த்தையை நம்பாத ஆண் உண்டா? மாலையில் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்குப் போய், தனக்கு மரியாதை செய்கிற ஊரைப் பார்த்தபடி கை கட்டிக்கொண்டு நின்றார்.

பயம் முழுவதும் சலேத்திடம் வந்து சேர்ந்துவிட்டது. ஊரார் ஆளுக்குக் கொஞ்சமாக வைத்திருந்ததை எல்லாம் அவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டு, கை வீசிக்கொண்டு போன மாதிரி அவளுக்கு இருந்தது. ஹாரன் அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பாள், அடிக்காதபோது கதவைப் பார்ப்பாள். முன்வாசல் கதவைத் திறக்கவே விடவில்லை, கதவு இறங்கிவிட்டது, நிலை இடிந்து விழும் என்றாள். சின்னப் பிள்ளைகள் யாராவது கார் ஓட்டுகிற மாதிரிக் கையைச் சுற்றி அவரிடம் விளையாட்டுக் காட்டினால் அடித்து விரட்டினாள். தூக்கத்தில் தன் விரல் எதையாவது சொல்லிவிடுமோ என்று கைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். ஒருவேளை அவருக்குத் தெரிந்தால் என்ன செய்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கயித்தான் போனபோது, கூப்பிட்டால் போக வேண்டியதுதானே, இதில் அழ என்ன இருக்கிறது என்று துறையில் நின்று கத்தியவர் அவர்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார், கொஞ்சம் நகர்த்தி வைத்தார், பிறகு கன்னத்தையே வைத்தார்.

"ஏளா, வெளிய எஞ்சின் ஓடுதா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். காது போன பிறகு அவருக்குக் குரலை அளக்கத் தெரியாது.

வெளியே சந்தில் வந்துகொண்டிருந்தவர்களின் காலடிச் சத்தம் நின்றுவிட்டது சலேத்துக்குக் கேட்டது. கோயிலுக்கு வாங்கிய ஜெனரேட்டர் என்று அவர் கையில் தட்டினாள்.

டீசல் குழாயில் எங்கேயோ காற்றுப் பிடித்திருக்கிறது, ஓட்டுகிறவனுக்கு வேலை தெரியவில்லை, நான் போய்ப் பார்க்கட்டுமா என்றார் அவர். வேண்டாம் என்றாள். எண்ணெய் மாற்றச் சொல்லு என்றார். சொல்கிறேன் என்றாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் என்ன சொல்லியதோ அவளுக்குத் தெரியாது, முகமும் அவர்கள் பாஷையில் பாதி அல்லவா. அதற்குப் பிறகு அவர் ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. கடற்கரைக்குப் போவதும் குறைந்துபோயிற்று. சுவரில் சாய்வதையும் விட்டுவிட்டு அறையின் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார். வயதாகிறது, கால் வலிக்கும் என்று சலேத் நினைத்துக்கொண்டாள்.

அந்திரேயார் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று சாயங்காலம் ஹாரன் நின்றது.

ஊர் முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று அவரவர் வீட்டுக் கதவைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். எஞ்சின் சத்தமும் அடங்கியது. தொம்மை பாயில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் நைலான் நரம்பு கோத்துக்கொண்டிருந்தார், சலேத் சோறு கிண்டிய அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். வெளியே காரின் கதவு திறந்தது. யாரோ இறங்கினார்கள். செருப்புச் சத்தம் வாசல்படி வரைக்கும் வந்தது. கதவைத் தட்டினார்கள், பலமாகக்கூட இல்லை, விரல் முட்டியால் இரண்டு தட்டு.

தொம்மை தலை நிமிரவில்லை, முள்ளுக்குள் நரம்பை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"தொம்மை சார் இருக்காரா மேடம்?" என்றது ஒரு குரல். பட்டணத்துக் குரல், களைத்த குரல், கெட்ட குரல் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. "வண்டி வந்து ரொம்ப நேரமாகுது."

கடன்காரன் வந்தால், சீட்டுக்காரி வந்தால், வேண்டாத சொந்தக்காரன் வந்தால் எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் சொல்கிற பதில்தான் சலேத்தின் வாயில் வந்தது. "அவிய வீட்ல இல்ல," என்றாள்.

வெளியே இருந்தவர் யோசித்த மாதிரி இருந்தது. "அப்படிங்களா," என்றது குரல். "பரவாயில்லை மேடம். நீங்க வாங்க."

சலேத்தின் கால்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பயம் போய்விட்டது, இத்தனை நாளும் ராப்பகலாகச் சுமந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை, சோறு அடுப்பில் இருப்பது தெரிந்தது, அது தன் சோறு இல்லை என்பது போலவும் இருந்தது. கையிலிருந்த அகப்பையைக் குனிந்து கீழே வைத்தாள். கதவைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தாள், வாயைத் திறந்தாள்.

தொம்மை நிமிர்ந்தார். மூடிய கதவோடு அவள் பேசியதை அவர் பார்த்திருந்தார், என்ன பேசினாள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் இப்போது அவள் உதடு குவிந்து விரியத் தொடங்கியது தெரிந்தது. எஞ்சின் இரைச்சலுக்குள் உட்கார்ந்து, கரையில் நிற்கிறவர்களின் வாயையே வாழ்நாளெல்லாம் பார்த்திருந்தவர் அவர், உலகத்தில் வேறு எந்தச் சொல்லையும் அவருக்கு உதட்டில் படிக்கத் தெரியாது, வாறேன் என்ற அந்த ஒரு சொல்லைத் தெரியும். முள்ளும் நரம்பும் சிதற எழுந்து வந்து, டீசல் வாசம் இன்னும் போகாத கையால் அவள் வாயைப் பொத்தினார். சொல் பாதியில் நின்றது. அவள் திமிறினாள், அவர் கையைக் கடித்தாள், அவர் அவளைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டார்.

"போவாத," என்றார். எப்போதும் கத்துகிற மனிதர் அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "அது எனக்கு வந்ததுளா. எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ போவாத."

தீவில் போவாத என்ற சொல்லை அதற்கு முன்னால் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சலேத்தின் கால்கள் துவண்டன, அவற்றை எழுப்பிய எதுவோ மெல்ல இறங்கிப் போயிற்று, அது போன இடத்தில் பயம் திரும்பி வந்து உட்கார்ந்தது, பழைய பயம், அவளுக்குச் சொந்தமானது. அதை அடையாளம் தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"சரிங்க மேடம்," என்றது வெளியே இருந்த குரல்.

செருப்புச் சத்தம் படியிறங்கியது. கார் கிளம்பியது, கோழிகள் கொக்கரித்துக்கொண்டு ஓடின. அதிக தூரம் போகவில்லை. கோயிலை ஒட்டிய ஒற்றை அறை வீட்டு வாசலில் போய் நின்றது, அங்கே உபதேசியார் இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். ஹாரன் ஒரே தடவைதான் அடித்தது, மெதுவாக. களைந்த தண்ணீரை ஊற்றுகிற சத்தம் நின்றது. பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. தடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

"வாறேன்," என்றார் சந்தியாகு உபதேசியார், ஜெபத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய தெளிவான குரலில்.

அதற்குப் பிறகு தீவில் யாரும் தனியாகக் குடியிருப்பதில்லை. ஒண்டிக்கட்டைகளை யார் வீட்டிலாவது சேர்த்துக்கொள்கிறார்கள், படகு வந்தால் ஹாரன் அடிப்பதில்லை, ஆள் இறங்கி வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பெயரைக் கேட்டும் கொஞ்ச நேரம் யாரும் பதில் சொல்வதில்லை. எங்காவது எதிர்பாராமல் ஹாரன் சத்தம் கேட்டால் தெருவில் நிற்கிறவர்கள், பேசிக்கொண்டிருப்பவர்கள், ஆகாதவர்கள்கூட, பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பொத்துகிறார்கள். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கை மட்டும் வாயில் இல்லாமல் இருந்திருந்தால், போகாதிய உபதேசியாரே என்று ஒரு கத்து கத்தியிருப்பேன், நாலு வீடுதானே, அவருக்குக் கேட்டிருக்கும் என்று சலேத் பிறகு எல்லோரிடமும் சொல்லி அழுதாள், எல்லோரும் நம்பினார்கள். தொம்மை ஒன்றும் சொல்லவில்லை. அவர் உபதேசியாரின் குரலைக் கேட்கவில்லை, கார் கிளம்பிப் போனது அதிர்வில் தெரிந்ததுமே கையைத் தளர்த்தி எடுக்கப் பார்த்தார். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, உபதேசியாரை ஏற்றிக்கொண்ட கார் துறையைத் தாண்டித் தண்ணீரில் போய் மறைகிற வரைக்கும் வாயோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது அவள்தான்.